மாப்பிள்ளை மீன் சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

இந்தத் துப்பறியும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். காபி ஆறுவதற்குள் கேட்டுவிடுவார்கள். "சார், கொலை கேஸ் ஏதாவது பாத்திருக்கீங்களா?" கேட்கும்போது கண்ணில் அப்படி ஒரு ஆசை! பார்த்திருக்கிறேனப்பா. ஒன்றே ஒன்று. அதுவும் நான் தேடிப் போனதில்லை. ஒரு கல்யாண விசாரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு அதுவாக வந்து சேர்ந்தது.

நம் பிழைப்பு கல்யாணத்தில்தான் ஓடுகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, வேறு எங்காவது ஒரு குடித்தனம் இருக்கிறதா, அம்மாக்காரி எப்படி. இதற்குத்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். என் அலுவலகம் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே யாராவது குக்கர் வாங்கினால் மேலே பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்போம். அப்படித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள்.

என் உதவியாளர் எழிலரசி சைதாப்பேட்டைக்காரி. முப்பதைத் தாண்டியவள், இரண்டு பிள்ளைகளின் தாய், வாய் ஒரு நிமிஷம் ஓயாது. ஒருவரைப் பின்தொடர இவளையா அனுப்புகிறீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவளைத்தான் அனுப்புவேன். வேவு பார்க்க வந்தவள் இவ்வளவு சத்தமாகப் பேசுவாள் என்று எவனுக்காவது தோன்றுமா?

எனக்கு இன்னொரு பழக்கம் உண்டு. கல்யாண விசாரிப்பில் நான் காகிதம் கொடுப்பதில்லை. நேரில் போய் உட்கார்ந்து வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். காகிதம் கொடுத்தால் அது சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று சுற்றிக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேரும். ஆள் வைத்து விசாரித்தார்கள் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீடு சும்மா இருக்கும்? நல்ல சம்பந்தம்கூட அதிலேயே முறிந்துபோகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் ஒரு பேராசிரியர், ஓய்வு பெற்றவர். மகள் நந்தினி ஒரு பள்ளியில் ஆசிரியை. பார்த்திருந்த வரன் வத்சன் என்று ஒரு பையன். கணினி வேலை, அப்பா இல்லை, அடையாறில் ஒரு வீட்டின் மாடியில் அம்மாவோடு வாடகைக்கு இருந்தான். எழில் ஒரு வாரம் அவன் பின்னால் சுற்றினாள். நான் அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேராசிரியர் வீட்டுக்குப் போய், "தைரியமா குடுங்க, நல்ல பையன்" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டு அடையை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தேன்.

அடை செரிப்பதற்குள் போன் வந்தது. பேராசிரியர் கத்தினார்.

"நல்ல பையன்னு சொன்னேளே! அவனைப் போலீஸ் பிடிச்சுண்டு போயிருக்கு. கொலை சார், கொலை!"

கீழ்வீட்டில் தனியாக இருந்த வீட்டுக்காரர் ரங்கநாதன், எழுபதை நெருங்குகிறவர், ஞாயிற்றுக்கிழமை மாலை தன் கூடத்திலேயே தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். குத்துவிளக்கால் அடித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவர் வத்சனை உடனே வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். பையன் மாடிப்படியில் நின்று கத்தியிருக்கிறான். அது தெருவுக்கே கேட்டிருக்கிறது; நான் அந்தத் தெருவில் விசாரித்து முடித்தது அதற்கு முன்பே.

சண்டை போட்டவனை எல்லாம் போலீஸ் பிடித்துவிடாது. இவன் மாட்டிக்கொண்டது ஒரு பொய்யால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். "கபாலி கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாவும் அன்று மாலை முழுவதும் அதே கோயிலில்தான் உபன்யாசம் கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் வாசல் கேமராவில் அம்மா உள்ளே போவதும் வருவதும் தெரிந்தது. பிள்ளை எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு அவன் தனியாக வேறு ஏதோ உண்மையைச் சொன்னானாம். யார் நம்புவார்கள்?

நான் போனை வைத்துவிட்டு எழிலைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை நீதானே அவன் பின்னாடி போனே? வீட்டுலதான் இருந்தான், சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லேன்னு சொன்னியே?"

வாய் ஓயாதவள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சார், கோச்சிக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"அவுரு பட்டினப்பாக்கம் போனாரு சார். அடையாறு பாலம் தாண்டி, சாந்தோம் ரோட்டுல போய், பீச்சாண்ட மீனு வறுக்கிற கடை கீதுல்ல, அங்க குந்திக்கினு வஞ்சிரம் துன்னாரு. அப்பால ஒரு பிளேட்டு நெத்திலி. இருட்ற வரைக்கும் அங்கதான் சார் இருந்தாரு."

"அத ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"அவுங்க ஆளுங்க மீனு துன்ன மாட்டாங்க. நீங்க போய் சொன்னா கல்யாணம் புட்டுக்கும். ஒரு மீனு துன்னதுக்கா சார் ஒரு நல்ல புள்ளைய வேணாம்னு சொல்றது? நானும் மீனு துன்றவதான. என்னியும் கெட்டவன்னு சொல்வாங்களா? அதான் வுட்டுட்டேன்."

"போட்டோ எடுத்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாசனை இழுத்துச்சு சார். நானும் பக்கத்து பெஞ்சில குந்தி ரெண்டு துண்டு வாங்கிட்டேன். கையெல்லாம் மசாலா. போனைத் தொட முடியல."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டும் செய்தேன். தவறு எங்கே என்று உங்களுக்குப் புரிகிறதா? அவள் சாப்பிட்டதில் தவறில்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயம். அவள் பார்த்ததை என்னிடம் சொல்லியிருந்தால், ஒருவேளை நானும் அதைப் பேராசிரியரிடம் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் அன்று மாலை அவன் எங்கே இருந்தான் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்கும்.

சரி, சாட்சி எங்களிடமே இருக்கிறது, எழுந்து ஸ்டேஷனுக்கு ஓடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஓட முடியாது. விசாரிப்பு எங்களுடையது இல்லை, பணம் கொடுத்த பேராசிரியருடையது. போய்ச் சொன்னால், அவர் ஆள் வைத்துப் பின்தொடர்ந்த சேதி வெளியே வரும். வாடிக்கையாளர் ரகசியத்தை அவரைக் கேட்காமல் உடைத்தால் இந்தத் தொழிலில் மறுநாள் கடை திறக்க முடியாது. கேட்டுவிட்டு அவர் மாட்டேன் என்றால்? ஒரு பையன் உள்ளே போவான். இந்த மாதிரி நேரத்தில் போனில் பேசாதீர்கள். முகம் தெரியவேண்டும். நாங்கள் நேரே மயிலாப்பூர் போனோம்.

பேராசிரியர் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்.

"என்னது, மீனா?"

"சார், கொலைய அவர் செய்யல. அதுதான் இங்க விஷயம்."

"அது இருக்கட்டும். வஞ்சிரமா?"

எழில் கூடவே, "நெத்திலியும் சார்" என்றாள். நான் அவள் காலை மிதித்தேன்.

பேராசிரியர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். "எங்காத்துப் பேர் ஸ்டேஷன் வாசப்படி ஏறப்படாது. இந்த சம்பந்தமே வேண்டாம்னு ஆயிடுத்து. அவன் எங்கே இருந்தா எனக்கென்ன? நீங்க வந்ததாவே நான் நினைச்சுக்கலை. போயிட்டு வாங்கோ."

அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். எனக்குக் கோபம் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். நல்லவேளை, உள்ளேயிருந்து நந்தினி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அவர் பண்ணலைன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று எழிலைக் கேட்டாள்.

"கண்ணால பாத்தேன்மா. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

"அப்பா, அவர் பண்ணலைன்னு இந்த ஊர்ல நாலு பேருக்குத்தான் தெரியும். நாலு பேரும் நம்மாத்துக் கூடத்துலதான் நின்னுண்டிருக்கோம். கல்யாணம் பண்ணிண்டாலும் பண்ணிக்காட்டாலும், நான் இதைத் தெரிஞ்சுண்டு சும்மா இருக்கமாட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். பேராசிரியர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வந்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. எழில் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"ஏம்மா, மீன் கடைல விசாரிச்சா ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எவன் மூஞ்சியப் பாக்கறதுன்றாங்க. போட்டோ இல்ல. அவன் போனும் வீட்டுலயே கெடந்திருக்கு. நீ பொண்ணு வீட்டு ஆளு. மாப்பிள்ளையக் காப்பாத்த எது வேணா சொல்லலாம்ல?"

"சார், காப்பாத்தணும்னா நான் கோயில்ல பாத்தேன்னு சொல்லியிருப்பேனே! மீனு துன்னாருன்னு சொல்லி அவுரு கல்யாணத்துக்கு நானே எதுக்கு சார் ஆப்பு வெக்கணும்?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "நம்பணும்னுதான் தோணுது. ஆனா என் தோணல கோர்ட்டு ஏத்துக்காது. இன்னும் அரெஸ்ட்டுன்னு காட்டல, விசாரணைன்னுதான் வெச்சிருக்கேன். திங்கட்கிழமை இவனை சைதாப்பேட்டை கோர்ட்டுல நிறுத்தியாகணும். அதுக்குள்ள வேற ஏதாவது இருந்தா கொண்டு வாங்க."

வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் வத்சனின் அம்மா உட்கார்ந்திருந்தார். பேசியது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. எங்களைப் பார்க்காமல் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். எழிலின் முகம் செத்துப்போனது. "அந்தம்மாவுக்குப் பயந்துதான சார் புள்ள பொய்யே சொல்லிச்சு. இப்ப நானே போட்டு ஒடைச்சிட்டேனே" என்றாள்.

கொலையை எப்படி விசாரிப்பது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யக்கூடாது. தி.நகர் திரும்பி, கீழே யாரோ குடம் தட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் எழில்தான் சொன்னாள்.

"நமக்குத் தெரிஞ்சது மாப்பிள்ள விசாரிப்பு ஒண்ணுதான் சார். செத்துப்போன பெரியவரை மாப்பிள்ளன்னு வெச்சிக்குவோம். அவருக்கு ஒரு விசாரிப்பு போடுவோம்."

நான் முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. போலீஸ் அவரை யார் கொன்றார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பினோம். முதலில் துக்கம் கேட்கிற சாக்கில் அந்த வீட்டுக்கே போனோம்; கொள்ளி வைத்த அக்கா மகன் வருகிறவர்களிடமெல்லாம் அழுதுகொண்டிருந்தான்.

கல்யாண விசாரிப்பில் முதல் கேள்வி எப்போதும், சமீபத்தில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான். ரங்கநாதனிடம் எல்லாமே மாறியிருந்தது. பல வருஷம் வெள்ளையடிக்காத வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. வேட்டியிலிருந்து பேண்டுக்கு மாறியிருந்தார். பல் செட் கட்டியிருந்தார். முடி திருத்தும் கடையில் விசாரித்தால், முதல் முறையாகத் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டாராம். இத்தனை நாள் தேவைப்படாத மாடி திடீரென்று தேவைப்பட்டு, நல்ல குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்.

எழில் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "சார், இது மாப்பிள்ளைன்னு வெச்சிக்கிறது இல்ல சார். நெசமாவே மாப்பிள்ளதான்!"

பூங்காவில் அவரோடு தினமும் நடக்கிற நண்பர் ஒருவர் இருந்தார். நிறையத் தயங்கினார். "சத்தியம் வாங்கிண்டான் சார்" என்றார். கடைசியில் சொன்னார். பெருமாளைத் தவிர வேறு சந்நிதிக்குப் போகாத ரங்கநாதன், சில மாதங்களாக வாராவாரம் வடபழனி முருகனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாராம். அங்கே அறிமுகமானவர் சாரதா டீச்சர். கணவரை இழந்தவர், ஓய்வு பெற்றவர், வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர். மாடி அவருடைய பாட்டு வகுப்புக்காகத்தான். சாதி வேறு, வயது இது, ஊர் சிரிக்கும் என்று கல்யாணம் பதிவாகும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.

சாரதா டீச்சர் எங்களுக்கு மோர் கொடுத்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "பேப்பர்ல பாத்தேன். போய்ப் பாக்கக்கூட முடியல. நான் யாருன்னு சொல்லிட்டு அந்த வீட்டுக்குள்ள போவேன் சார்?" என்றார். எழில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். எங்களை மேலும் கீழும் அளந்தார்.

"நீங்களும் மாப்பிள்ளை வீட்டுல இருந்து விசாரிக்க வந்தீங்களா? போன வாரந்தான் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு!"

எனக்குள் மணி அடித்தது. "அப்படியா? என்னம்மா கேட்டாரு?"

"அதுதான் அதிசயம். டீச்சர் குணம் எப்படி, உடம்பு எப்படின்னு ஒண்ணுமே கேக்கல. எப்பக் கல்யாணம், வீட்ட இவங்க பேருக்கு எழுதறதாப் பேச்சு உண்டா, இதையே மாத்தி மாத்திக் கேட்டாரு."

என் வாழ்நாளில் எத்தனை வீட்டுப் படி ஏறி விசாரித்திருக்கிறேன்! பெண்ணின் குணத்தைக் கேட்காமல் போகிற மாப்பிள்ளை வீட்டு ஆளை நான் பார்த்ததே இல்லை. வந்தவன் நம் தொழில்காரன் இல்லை. கல்யாணம் நடக்கவேண்டும் என்று நினைப்பவனும் இல்லை.

எழில் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டாள். துக்கம் கேட்கப் போயிருந்தபோது அந்த அக்கா மகனை அவள் மறக்காமல் படம் பிடித்து வைத்திருந்தாள். ரங்கநாதனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீடு அவனுக்குத்தான் வரும். அவன்தான் இன்ஸ்பெக்டரிடம், மாமாவோடு ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை, அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று அழுதவன்.

எதிர்வீட்டு அம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "இவரேதான்!"

அவனைப் போய்ப் பிடித்து உலுக்கலாமா என்று எழில் துடித்தாள். கூடாது என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன், அந்த இடத்தில் நம் வேலை முடிந்துவிட்டது. பிடிப்பதற்குக் காக்கிச் சட்டை போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்பெக்டரிடம் அந்தப் பொய்யை மட்டும் கொண்டுபோய் வைத்தோம். டீச்சர் குடியிருப்பு வாசல் கேமராவில் அவன் முகம் இருந்தது. அவன் போன் ஞாயிற்றுக்கிழமை மாலை அடையாறில் இருந்தது. உட்கார வைத்துக் கேட்டதும் உடைந்துவிட்டான். பதிவு அலுவலகப் பலகையில் மாமா பெயரைப் பார்த்த யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சப் போயிருக்கிறான். பெரியவர் முடியாது என்றிருக்கிறார். கைக்கு அகப்பட்டது குத்துவிளக்கு.

வத்சனை விட்டுவிட்டார்கள். கல்யாணம் நடந்ததா என்று தவிக்காதீர்கள், நடந்தது. மீன் விஷயத்தில் நந்தினிக்கும் அவள் அப்பாவுக்கும் ஒரு பெரிய சண்டை நடந்து நந்தினி ஜெயித்தாள். சாரதா டீச்சர்தான் ஊஞ்சல் பாட்டு பாடினார். ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அதையில்லை, அவன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த காலையை.

நந்தினி ஒரு பக்கம் நின்றிருந்தாள். பேராசிரியர் காரைவிட்டு இறங்குவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் வத்சனின் அம்மா. அன்று எழுந்து போனவர், அதன் பிறகு மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். வத்சன் படியிறங்கி வந்தான். அம்மாவைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டான். கொலைப் பழிக்குக்கூட அவன் அப்படி நடுங்கியிருக்கமாட்டான்.

அந்த அம்மா அவனைப் பார்க்கவில்லை. நேராக எழிலிடம் வந்தார். எழில் என் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீதானே அன்னிக்கு அவன் பின்னாடியே போனது?"

"ஆமாம்மா. தப்பா நெனச்சிக்காதீங்க, நான் வேணும்னு..."

"இரு. நீ கிட்டக்க இருந்து பாத்தியோன்னோ?"

"பாத்தேம்மா."

"ஆத்துல ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போறும்மான்னு எழுந்துண்டுடுவான். என்ன பண்ணிப் போட்டாலும் அவ்வளவுதான். உடம்பு தேறவே இல்லை." எழிலை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு நன்னா சாப்ட்டானா?"

எழில் என் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நல்லா சாப்டாரும்மா. ஸோக்கா சாப்டாரு. ரெண்டாந்தபா கேட்டு வாங்கி, சிரிச்சிக்கினே சாப்டாரு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "சரி" என்றார். இன்னொரு தடவை, "சரி" என்றார். பிறகு, அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், எழிலின் தோளில் சாய்ந்து சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார். வத்சன் மிச்சப் படிகளையும் ஓடி இறங்கி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான்.